வால்கொழுப்பு ஊட்டிய கை

மார்ச் 3
நாரின் ஊருக்கு வேன் ஓட்டிப் போகும் வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரும் நானும் ஒரே சுற்றளவு என்று வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் மகள் பெர்மெத் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதக் கர்ப்பிணியை மாமியார் திருப்பி அனுப்பிவிட்டாள். ரத்தப் பரிசோதனையில் சைட்டோமெகலோவைரஸ் (மூன்று முறை பார்த்து எழுதினேன்) என்ற கிருமிக்கு எதிர்ப்புப் பொருள் ‘உண்டு’ என்று வந்ததாம். காகிதம் சுத்தமானதும் வா என்றாளாம் சம்பந்தியம்மா சாய்ரா.

மார்ச் 4
அங்கே என் மகளுக்குத் தனிக் கிண்ணமாம். தனிக் கரண்டியாம். “கல்யாணத்துக்கு முன்னாடி எங்கெங்க சுத்தினேன்னு கேட்டாங்கப்பா” என்கிறாள். மாப்பிள்ளை உலான்? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். தரை என்ன சொல்லிற்றோ.

மார்ச் 6
தனியார் ஆய்வகத்தில் பத்து ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அந்தச் சீட்டை மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்தார், ஆட்டம் நின்றது. பரிசோதனைக் காகிதத்தின் மேல்வரி பழைய தொற்றின் ஞாபகமாம், சின்ன வயதிலேயே வந்திருக்கும். கீழ்வரிதான் புதுத் தொற்று, அது இல்லை. கிருமி உள்ளே தூங்குகிறது, அபூர்வமாக விழிக்கலாம், ஸ்கேனில் பார்த்துக்கொள்வோம் என்றார். காகிதம் எப்போது சுத்தமாகும் என்றேன்.

“ஆயுசுக்கும் ஆகாது. எச்சில்ல பரவுறது இது. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கும்.”

அப்படியானால் என் மகள் என்றைக்குத்தான் வீடு திரும்புவது?

மார்ச் 7
நானும் ரத்தம் கொடுத்தேன். ஊசியைப் பார்த்ததும் மயக்கம். நர்ஸ் தண்ணீர் தெளித்தாள். வீரத் தகப்பன்.

மார்ச் 10
எனக்கும் ‘உண்டு’. காகிதத்தோடு நேரே சாய்ரா வீட்டுக்குப் போனேன்.

“சம்பந்தியம்மா, சம்பந்தம் பேசி முடிச்ச அன்னிக்கு நம்ம வழக்கப்படி ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் உங்க கையால எனக்கு ஊட்டினீங்க. நான் உங்க விரலை வேற கடிச்சேன். ஒண்ணு என்னையும் எங்கயாவது துரத்துங்க, இல்ல நீங்களும் ரத்தம் குடுங்க.”

“எனக்கெதுக்கு? நான் ஒழுக்கமா வாழ்ந்தவ.”

கையில் அவள் தந்த தேநீர்க் கிண்ணம். ஏன் உடைக்காமல் வந்தேன்? “என் பொண்ணும்தான்” — அவ்வளவுதான் வாயில் வந்தது. வேனில் ஏறிய பிறகுதான் நல்ல வசவெல்லாம் நினைவுக்கு வந்தது. பிரயோஜனமில்லை.

மார்ச் 15
உலான் போன் செய்தான். அவனும் ரத்தம் கொடுத்தானாம், ‘உண்டு’. அம்மாவையும் இழுத்துப் போயிருக்கிறான். அவளுக்கு எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்றேன்.

“பெர்மெத்தை விட அதிகம், மாமா.”

தரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான்.

மார்ச் 18
சாய்ரா வந்தாள். காகிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை; மன்னிப்பும் இல்லை. பெர்மெத் பாதி குடித்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து மீதித் தேநீரைக் குடித்தாள்.

“ஆறிப்போச்சு. கிளம்பு கண்ணு, நம்ம வீட்ல சூடா போட்டுக்கலாம்.”

“வெள்ளிக்கிழமை ஸ்கேன் இருக்கு அத்தை. முடிஞ்சதும் வரேன்.”

மூன்று நாள். காத்திருக்கட்டும்.