கத்தரித்த ஓரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் குறையில்லை, மனசுக்குத்தான். உன் இருமல் நின்றதா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமா வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த செப்புத்தகட்டு அச்சுப்படங்களை நம் ஊர் மியூசியத்துக்குக் கொடுத்தாரே, அவற்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஆசையாகப் பார்க்கப் போனேன். வயிறு எரிந்துவிட்டது. எல்லாப் படமும் ஒரே அளவு! பழைய ஃபிரேம்கள் சும்மா கிடந்தனவாம், அவற்றில் அடங்கவில்லை என்று படங்களின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டார்கள். அடியில் ஓவியர் பென்சிலால் போட்ட கையெழுத்து, எத்தனையாவது பிரதி என்ற எண், எல்லாம் குப்பையில். தொடுவதற்கு முன் உன்னை இரண்டு தடவை கை கழுவ வைத்த மனுஷனுடைய படங்களடி அவை! காப்பாட்சியரைக் கேட்டால், வெறும் வெள்ளைப் பேப்பர்தானே மேடம், படத்துல ஒரு பொட்டுகூடக் குறையலையே என்கிறார். உங்க டிகிரி சர்டிபிகேட்டுலயும் கையெழுத்து இருக்கிறது வெள்ளைப் பேப்பர்லதான், கொண்டாங்க, அதையும் வெட்டித் தர்றேன் என்றேன். உன் அப்பா என்னை இழுத்துக்கொண்டு வந்தார், வழியெல்லாம் மெல்லப் பேசு மெல்லப் பேசு என்று. அவர் மேலும் கோபம்தான்.

அதைவிட உன் மாமா மேல். கொதிப்பார் என்று பார்த்தால், விடு தங்கச்சி, அங்கே நாலு பேராவது பார்க்கிறாங்க, என் பீரோவுல கரையான்தான் பார்க்கும் என்கிறார். காப்பாட்சியர் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி, முகத்தை முறித்துப் பேச மாட்டார். மிச்சமுள்ள கோட்டோவியங்களையும் மாதக் கடைசியில் அனுப்பப் போகிறாராம். மூன்று வயதில் நீ அவர் வீட்டு சோபாவில் தூங்கியதை அவருடைய ஓவியர் நண்பர் கரியால் வரைந்தாரே, அதுவும் அதில் ஒன்று. அது பிள்ளையோடது, அவ வேண்டாம்னா கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நீயோ அவர் எது கேட்டாலும் சரி மாமா என்றே பழகியவள். இந்த ஒரு தடவை சொல்லிவிடாதே. அந்த ஃபிரேமின் அளவை எடுத்து வந்து உன் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். உன் பாதங்கள் காகிதத்தின் ஓரத்தில் இருக்கின்றன. கணுக்காலோடு போய்விடும்.

நீ தீர்க்காயுசாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு, இல்லை என்று சொல்லவும் பழகிக்கொள். இதைப் படித்தவுடன் மாமாவுக்குப் போன் செய். படத்தை நேற்றே தூக்கி வந்துவிட்டேன், என் துணி அலமாரியில் இருக்கிறது. மியூசியம் வண்டி வந்தால் அலமாரிச் சாவியைக் காணோம் என்பேன். காணாமல் போகத்தான் போகிறது.

கோபம் ஆறாத,
உன் அம்மா