தைக்கக் கூடாத கிழிசல்

செவ்லியேவோ
ஜூன், செர்ரி பறிக்கும் வாரம்

அன்பு மகள் ஸோர்னிட்சாவுக்கு,

அப்பா மிஞ்சோ எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம். மனசளவில் எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாமே என்பாய். நீதான் எடுப்பதில்லையே! எடுத்தாலும் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், பிறகு நீங்கள் இரண்டு பேரும் அழுவீர்கள், நான் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் ஊர்ச் செய்தி. என் முட்டி தேவலை. ஆபரேஷன் செய்த டாக்டர் பஸ் ஓட்ட மட்டும் இன்னும் விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் திட்டு வாங்குவதுதான் இப்போது என் உத்தியோகம். ஆஸ்பத்திரி மருந்தகத்து டோன்கா அம்மையார் என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்திவிடுகிறார். "பொண்ணு பார்மஸி படிச்சு முடிச்சாச்சாமே, எப்ப வர்றா? நான் ரிட்டையர் ஆகப் போறேன். என் நாற்காலிய யாருக்காகக் கட்டிக் காத்துக்கிட்டிருக்கேன்னு நினைக்கிறே?" என்கிறார். வந்துடுவா, வந்துடுவா என்று சொல்லிவைத்திருக்கிறேன். உன் அறைக்கு அம்மா வெள்ளை அடித்துவிட்டாள். நீ வருவதாக எங்களிடம் எப்போதாவது சொன்னாயா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நாங்களாகச் சொல்லிக்கொண்டதுபோலத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கறுப்பு மேலங்கி.

நீ படித்த போர்ச்சுகலுக்கு லாரி ஓட்டும் நம்ம ராட்கோ அதைக் கொண்டுவந்தான். அம்மா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைச் சூடாக வைத்தாள், நான் ரக்கியா சாராயம் ஊற்றினேன். "ஸோரி இதக் குடுத்தனுப்பினா, ஒரு சேதியும் சொல்லச் சொன்னா" என்று அவன் ஆரம்பித்தான். அதற்குள் நான் கிளாஸை நிரப்பிவிட்டேன். பிறகு ஸ்பெயின் வெயில், லாரி டயர், அவன் மச்சான் செய்த துரோகம் என்று எங்கெங்கோ போய் எழுந்து போனான். சேதியும் அவனோடேயே போய்விட்டது.

அம்மா பையைத் திறந்தாள். உள்ளே உன் காலேஜ் மேலங்கி. ஓரமெல்லாம் சேறு, ஒயின் கறை, ஈர நாற்றம். வலது ஓரத்தில் வரிசையாகக் கிழிசல், முதுகு நடுவில் நீளமாக இன்னொன்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தோத்தாவின் வாய் சும்மா இருக்குமா? "என்ன பெங்கா, வெளிநாட்டுல படிச்ச பொண்ணுக்கு எலி கடிச்ச துணிதான் மிச்சமா?" என்று கேட்டுவிட்டாள். உன் அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிள்ளை நம்மிடம் சொல்லாமல் கிழிந்ததைப் போர்த்திக்கொண்டு படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். காலமெல்லாம் தையல் ஆலையில் வேலை பார்த்த கை அது, சும்மா கிடக்குமா? ஊறவைத்தாள், சோப்புப் போட்டாள், கும்மினாள். தொட்டியில் ஓடிய தண்ணீர் கறுப்பாகவே இருந்தது. காய்ந்ததும் உட்கார்ந்து எல்லாக் கிழிசலையும் மூடினாள். தைத்த இடம் எதுவென்று என் கண்ணுக்கே தெரியவில்லை. இஸ்திரி போட்டு உன் அறையில் மாட்டி, தோத்தாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

அந்தப் பெருமையோடுதான் உன்னைக் கூப்பிட்டாள். போனில் அதை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். உன் கை வாய்க்குப் போனதை நான் பார்த்தேன். "நல்லா இருக்கும்மா" என்றாய், திரை அணைந்தது. "பாத்தியா, சந்தோஷத்துல அவளுக்குப் பேச்சே வரல" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கப்புறம் நீ போனே எடுக்கவில்லை. வேலையாக இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் வந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போன வாரம் ராட்கோ திரும்பி வந்தான். லாரியிலிருந்து இறங்காமலே, "அண்ணே, கடிச்சீங்களா?" என்று கத்தினான். எதைடா என்றேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அங்கே படிப்பை முடிக்கிறவர்களின் மேலங்கியை நெருங்கியவர்கள் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டுமாமே! வலது பக்கம் சிநேகிதர்களுக்கு, இடது பக்கம் வீட்டாருக்கு. படித்த வருஷமெல்லாம் அதில் ஒட்டியிருப்பதால் துவைக்கவே கூடாதாம். மே மாத விழாவில் எல்லாப் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் வந்து கடித்தார்களாம், உன் இடது ஓரம் மட்டும் முழுசாகத் தொங்கியதாம். "அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன், அவங்களால வர முடியல. அதான் துணியே அவங்ககிட்ட போகுது" என்று நீ சொல்லி அனுப்பினாயாம். அந்த முட்டியை அறுத்தே எறிந்திருக்கலாம்.

முதுகு நடுவில் இருந்த கிழிசல் யாருடையது என்று கேட்டேன். ராட்கோ தொப்பியைக் கழற்றினான். "அது மனசுக்குப் பிடிச்சவன் கடிக்கிறது அண்ணே. நீங்க கேட்டா மட்டும் சொல்லுன்னா. போன்ல சொல்ல அவளுக்கு வெக்கம்" என்றான். அதைத்தான் தைத்துவிட்டோமே என்றேன். அவன் முகம் போன போக்கே சரியில்லை. "தைச்சாச்சா? அய்யோ! அந்த ஒண்ண மட்டும் எப்ப தைப்பாங்க தெரியுமா? உறவு முறிஞ்சாத்தான் தைப்பாங்க."

ஒரே நிமிஷத்தில் எனக்கு மாப்பிள்ளை வந்து, வந்த நிமிஷத்திலேயே போயும்விட்டான். நான் சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா? யார் அந்தப் பையன்? போர்ச்சுகல்காரனா? அவன் இருப்பதால் நீ அங்கேயே தங்கிவிடுவாயா? அம்மா அவனைத் தைத்து மூடிவிட்டாள் என்றுதான் பேசாமல் இருக்கிறாயா, துவைத்துவிட்டாள் என்றா, இல்லை இடது பக்கத்தை நாங்கள் தொடவே இல்லை என்றா? இப்போது டோன்கா அம்மையாருக்கு நான் என்ன பதில் சொல்வது? கேள்விதான் மூட்டை மூட்டையாக வருகிறதே தவிர, ஒன்றுக்கும் விடை இல்லை.

அம்மாவிடம் மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். செர்ரிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "துணியக் கிழிச்சு அன்பு காட்டுற ஊரு, அது என்ன ஊரு" என்று மட்டும் சொன்னாள். பிறகு கையைக் கழுவி, மேலங்கியை இறக்கி, கத்தரியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வலது ஓரத்தைச் சடசடவென்று பிரித்தாள். நடுவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"இதப் பிரிச்சா அவ அங்கேயே இருந்துடுவாளா? பிரிக்காம விட்டா வந்துடுவாளா?" என்று கேட்டாள். நூலுக்கு அவ்வளவு சக்தியெல்லாம் கிடையாதுடி என்றேன். "நான் போட்ட தையலப் பத்தி உனக்கு என்ன தெரியும்" என்றாள். அவள் விட்ட செர்ரியை எடுத்து நான் கொட்டை நீக்க ஆரம்பித்தேன். சட்டையெல்லாம் சாறு. வெகுநேரம் அவள் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கத்தரிச் சத்தம் கேட்டது. பிரித்து முடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எவனா இருந்தாலும் பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று கேட்காதே, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இடது ஓரத்தை என்னிடம் நீட்டினாள். "புள்ளைக்குத் தச்சுத்தான் குடுத்திருக்கேன், கிழிச்சதில்ல. நீயே கடி" என்றாள். கடித்தேன். துணியில் கீறல்கூட விழவில்லை, என் கட்டுப்பல்தான் கழன்று மடியில் விழுந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த சிரிப்பு அடங்கவே இல்லை. அந்தச் சிரிப்பிலேயே துணியைப் பிடுங்கி ஒரு கடி கடித்து இழுத்தாள் பார், ஒரு சாண் கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் முகத்தை அதிலேயே புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் மிச்சப் பல்லால் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று கிழித்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

துவைத்ததைத் திரும்ப அழுக்காக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. பிரித்த கிழிசல் பழையபடி செல்லுமா என்பதும் தெரியவில்லை. அங்கே விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள். அந்தப் பையனிடமும் சொல், நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. மேலங்கியை இந்தக் கடிதத்தோடு ராட்கோவிடமே கொடுத்தனுப்புகிறேன். இந்த முறை அவனுக்கு ரக்கியா கிடையாது. அதை இங்கேயே மாட்டிவைக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். "அவளோடது அவகிட்ட இருக்கட்டும்" என்று அம்மாதான் மடித்துக் கொடுத்தாள்.

எங்கள் பக்கக் கிழிசல் கொஞ்சம் பெரிசாகப் போய்விட்டது, காற்று புகும், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த தடவை மணி அடித்தால் போனை எடு. வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்ல வேண்டாம். எடுத்து "அப்பா" என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

எந்த ஊரில் இருந்தாலும் மகராசியாக இரு.

உன் இடது பக்கத்துக்காரர்கள்,
அப்பா மிஞ்சோ, அம்மா பெங்கா