கீழே சுருண்ட நூல்

அன்புள்ள கனாயே,

நீயும் சுமிரெயும் நலம்தானே? உன் முதுகுவலி தேவலையா? சப்போரோவில் பனி இன்னும் கரையவில்லை. நான் நலம்.

நம் மகள் பள்ளியில் சேரும்போது, உள்ளே போடும் காலணிகளை வைத்துக் கொண்டுபோகும் பையை நானே தைக்கிறேன் என்றேன் அல்லவா? கம்பெனி விடுதியின் பழைய தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பஞ்சு வைத்த துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டது. அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் கூட்டில்தான் கோளாறு என்று அதன் திருகைத் தளர்த்தினேன். அது தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. தேடியெடுக்க இரண்டு நாளாயிற்று.

சமையல் செய்யும் ஒகிதா அக்கா வந்து பார்த்தார். "கீழ சுருளுதுன்னா தப்பு மேல இருக்கு. துணியை அழுத்துற பாதத்தை இறக்கி வச்சுக்கிட்டு மேல்நூலைக் கோத்தா, இறுக்குற தட்டுக்குள்ள அது எப்படிப் போகும்? இன்ஜினியர்னு வேற சொல்லிக்கிறீங்க" என்றார். பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்தேன், சரியாகிவிட்டது. ஊசி விரலில் லேசாக ஏறியதை மட்டும் உன் அம்மாவிடம் சொல்லாதே.

பை முடிந்த பிறகுதான் உறைத்தது. போன கோடையில் சுமிரெ இங்கே விட்டுப்போன செருப்பை வைத்துத்தான் அளவெடுத்திருக்கிறேன்; அதற்குள் அவள் கால் வளர்ந்திருக்குமே. பிரித்துத் தைத்துக்கொள்கிறேன். தபால்காரர் வந்துவிட்டார். ஒரு தாளில் அவள் பாதத்தை வரைந்து அனுப்பு, இரண்டு பாதங்களையும்.

ரியோஹெய்