அடிமூட்டை மழைக்கோட்டு

9 டிசம்பர் 1936, புதன்

பட்டாளத்துக்கு மழைக்கோட்டுகள் கொண்டுவந்தார் காண்டிராக்டர் மாணிக்கம். கோட்டைக் குழியாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது கிடங்கில் என் வேலை. எப்போதும் மேலே இருப்பதை அவரே எடுத்து நீட்டுவார். இன்று மூட்டையின் அடியிலிருந்து நானே ஒன்றை உருவினேன். ஊற்றிய தண்ணீரெல்லாம் ஒழுகி அவர் சப்பாத்தை நனைத்தது.

அவர் முகம் மாறவில்லை. "கேப்டனே சரின்னுட்டாரு லா. நீங்க எதுக்கு அடிய கிளறுறீங்க? கையெழுத்தப் போடுங்க. புள்ளகுட்டிக்காரரு நீங்க."

அந்தக் கடைசிப் பேச்சுதான் உறுத்துகிறது. மனைவியிடம் சொல்லவில்லை.

கையெழுத்தும் போடவில்லை. நாளைக் காலை கேப்டன் பேருக்குச் சரக்கைப் பார்க்க வருகிறார். சிப்பாய்கள் எல்லோரும் பார்க்க அதே கோட்டை நீட்டி, "போட்டுக்கிட்டு வெளிய வாங்க, துவான்" என்று அந்தத் துரையை மழைக்குள் அழைப்பேன்.

மழை வலுத்திருக்கிறது. விடிந்தும் விடாமல் பெய்யட்டும்.