கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், பாதி நம்புகிறேன், மீதியையும் நம்பவேண்டுமானால் நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணன் வேலைக்குப் போகிறான் வருகிறான். அப்பாவின் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை, எல்லாம் நீ வரப்போகிறாய் என்ற தெம்புதான்.

டீச்சர் வேலைக்குப் படிக்க இரண்டு வழி இருக்கிறது, எது என்று நீயே சொல்லும்மா என்று என் தலையில் கட்டிவிட்டாய். இங்கே வீட்டிலிருந்தே போய்வருகிற பயிற்சிக் கல்லூரி, இரண்டு வருஷம். இல்லையென்றால் அங்கே நீ தங்கியிருக்கிற தெருவில் உள்ள பள்ளிக்கூடம், முதல் நாளே டீச்சராக வகுப்பில் நிறுத்திவிடுவார்கள், சாயங்காலம் உனக்குப் பாடம், முடிந்தபிறகும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்கவேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்பா அதற்குள் உன் அறையில் இருந்த என் தையல் மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கூடத்தில் போட்டுவிட்டு, அறைக்கு வெள்ளையும் அடித்துவிட்டார். தைக்க வந்த துணிகளுக்கு நடுவே நடக்க வழியில்லை, ஆனாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எதற்கும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம் என்று போன வாரம் அந்தக் கல்லூரிக்குப் போனேன். நல்ல இடம்தான், குறை சொல்ல வாய் வராது. அன்றைக்குப் பாடம் நடத்திப் பழகுகிற நாளாம். ஒரு பெண் டீச்சராக நிற்கிறாள், கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் குழந்தைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள், மீசை வைத்த பையன்கள்கூட. ஆள் கொறையுது, நீங்களும் உக்காருங்கம்மா என்று என்னையும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். பின்னக் கணக்கு. அழகாக நடத்தினாள், எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள். ஆனால் கேள்வி கேட்டதும் எல்லாக் கையும் ஒன்றாக மேலே போகிறது. ஒருத்தரும் பென்சிலைத் தொலைக்கவில்லை, ஒருத்தரும் அழவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தது நான் ஒருத்திதான். நிஜக் குழந்தைகளிடம் எப்போது போவீர்கள் என்று கேட்டேன். ரெண்டாவது வருஷக் கடைசியில சில வாரம் போவோம்மா, நெனச்சாலே பயமா இருக்கு என்றாள். பாவமாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது உன் நினைப்புதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாயே, மேஜைக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டு யார் கூப்பிட்டாலும் வராத ஒரு பிள்ளை, கடைசி நாள் தானாக வெளியே வந்து, சீவித் தரச்சொல்லி உன்னிடம் பென்சிலை நீட்டியது என்றாயே. அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா, நீ அங்கே போனதிலிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்டபிறகும் இங்கே வா என்று சொன்னால் அது எனக்காகச் சொன்னதாகத்தான் இருக்கும். அங்கேயே சேர்ந்துவிடு கண்ணு. மனசு ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நான் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காமலே, இங்கே வந்துவிடு என்று உன்னிடம் சொல்லியிருந்தால், நீயும் மறுபேச்சு பேசாமல் வந்திருப்பாய். ஏன்தான் போனேனோ என்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் உடனே பெட்டியைக் கட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வகுப்பில் கத்தாதே, உனக்குச் சீக்கிரம் தொண்டை கட்டிக்கொள்ளும், வெந்நீர் குடி. சம்மதம் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டிய தேதியைத் தவறவிடாதே. எங்கே இருந்தாலும் நீ நிறைவாக இருக்கவேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மெஷினைத் திரும்ப உன் அறையிலேயே போடுங்கள் என்று அப்பாவிடம் தினமும் சொல்கிறேன். முழங்கால் வலிக்கிறது என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா