தூம்பைத் திறந்தவள்

19-10-56, வெள்ளி

மணியக்காரர் கங்கப்பன் என் படிப்பைப் பிடுங்கப் பார்க்கிறார்.

கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து இறங்கி ஹாஸ்டல் பையைக்கூட நான் கீழே வைக்கவில்லை, வந்துவிட்டார். சேரி முனைவரைக்கும்தான். அதற்கு மேல் அவர் கால் வராது. அப்பா ஓடிப்போய்க் குனிந்து நின்றார்.

"டேய் ஆஞ்சப்பா, உனக்கு மூச்சு வாங்குது. இனிமே ஏரியில எறங்க மாட்டே. பையனை நிறுத்திக்கோ. முடியாதுன்னா மானிய நிலத்தை விட்டுடு, வேற ஊட்டுக்குக் குடுக்கறோம்."

ஏரித் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும் அடிமடையான தூம்பைத் திறந்து மூடுவதும், வயலுக்கு வயல் தண்ணீர் விடுவதும் எங்கள் வீட்டு வேலை. நீர்க்கட்டி என்பார்கள். அதற்கென்று விட்ட அரை ஏக்கரில் விளையும் கேழ்வரகுதான் எங்களுக்குச் சோறு. எனக்கு இந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி.

"ஆகட்டுங்க சாமி" என்றார் அப்பா.

எது ஆகட்டும்? வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். இருமினார். சரசக்கா தலை நிமிராமல் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

20-10-56, சனி காலை

விடிய விடிய மழை. எனக்கு நீச்சலே சரியாக வராது. அதைக்கூட அப்பா யோசிக்கவில்லையா?

சனி மாலை

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

பத்து மணிக்கு ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகும் கோடி வழிந்தது. கரையின் வெளிச்சரிவில் ஓரிடத்தில் சேற்றுத் தண்ணீர் கசிந்தது. தூம்பைத் திறந்து தண்ணீரை இறக்காவிட்டால் கரை உடையும். உடைந்தால் முதலில் போவது எங்கள் குடிசைகள். ஊரே கரைமேல் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தூம்பு கரையிலிருந்து இருபது முழம் உள்ளே. இரண்டு கல்தூண், நடுவில் அடைப்புக் கட்டையைத் தூக்கும் நீளக் கழி. தட்டுத்தடுமாறி நீந்திப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டு கழியை இழுத்தேன். அசையவில்லை. அடியில் சேறு இறுகியிருந்தது. மூழ்கித்தான் தோண்டவேண்டும். தோண்டும்போது கட்டை விலகினால் துவாரம் ஆளையே இழுத்துக்கொள்ளும்.

நான் தூணை விடவில்லை. பயம். வேறு சொல் தேட மாட்டேன்.

"படிச்ச கையி, வழுக்குதா?" என்றது கரையில் ஒரு குரல். சிரிப்பு.

அப்போது பக்கத்தில் ஒரு தலை எழும்பியது. அக்கா. புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தாள்.

"நகருடா. அண்டாத் தண்ணியில குளிக்கறவனுக்கு இது ஆவாது. கழியைப் புடி. நான் மேல வந்து சொன்னாத்தான் இழுக்கணும். முந்திட்டே, நான் உள்ளே போயிடுவேன்."

மூழ்கினாள். கழி என் கையில் அதிர்ந்தது. அவள் கீழே தோண்டுவது மரத்தின் வழியாக எனக்குத் தெரிந்தது. வந்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி போனாள். மூன்றாம் முறை வரவேயில்லை. இழுத்துவிடலாமா? இழுத்தால்? — என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

வந்தாள். வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள். "இப்ப."

இழுத்தேன். ஏரிக்கு அடியில் யாரோ உறுமியதுபோல இருந்தது. கல்தூண் நடுங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் செந்நீர் பாய்ந்து விழுந்தது. அவ்வளவு பெரிய ஏரி, அவள் கைக்குக் கட்டுப்பட்டு.

யாரும் சிரிக்கவில்லை.

"இவளுக்கு எப்படிடா தெரியும்?" என்றார் கங்கப்பன்.

அப்பா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மூணு வருசமா அவதான் சாமி எறங்கறா. விடியறதுக்கு முன்னாடி. நான் கரையில நிப்பேன்."

மூன்று வருடம். லீவுக்கு வந்து, அவள் கிண்டிய களியைத் தின்றுவிட்டு, அப்பாவின் கஷ்டத்தைப் பற்றி அவளுக்கே பிரசங்கம் செய்திருக்கிறேன்.

21-10-56, ஞாயிறு

"சேத்துக்குள்ள எப்படிக்கா கண்ணு தெரியுது?"

"என்னாத்தப் பாக்கறது? கண்ணை மூடிக்குவேன். எந்தக் கல்லு எங்கன்னு காலு சொல்லும்."

ஜாமெட்ரியில் முதல் மார்க் வாங்கியவன் நான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாடா, புதுசாப் பாக்கறே?"

புதிதாகத்தான்.

அவள் இறங்கித் திறந்துவிடும் தண்ணீரில் ஊரே நெல் விளைவிக்கிறது. கோயில் கிணற்றில் அவள் குடம் பட்டால் மட்டும் தீட்டு. இதை எந்த வாத்தியார் எனக்கு விளக்குவார்?

22-10-56, திங்கள்

எட்டரை பஸ் போய்விட்டது. அடுத்தது பதினொன்றுக்கு. புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கங்கப்பன் மறுபடி சேரி முனைக்கு வந்தார். "ஆஞ்சப்பா, தண்ணி எறங்கிடுச்சு. மகளை அனுப்பு, தூம்பை மூடணும்." அவ்வளவுதான். பையனை நிறுத்து என்ற பேச்சே இல்லை. நிலத்தை விடு என்பதும் இல்லை.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். "பஸ்ஸுக்குப் போடா" என்றாள். போகவில்லை. பையோடு கங்கப்பன் பின்னால் நடந்தேன்.

"நீர்க்கட்டி சரசம்மான்னு ஊர்ப் புத்தகத்துல எழுதுங்க. மானியத்தையும் அவ பேருக்கு மாத்துங்க." 'சாமி' என்று நான் சேர்க்கவில்லை.

அவர் குடையை விரித்துக்கொண்டு கரைமேல் ஏறினார். தூறல்கூட இல்லை.

"எப்ப எழுதுவீங்க?"

தூம்பு வரைக்கும் கூடவே போய் மூன்று தடவை கேட்டேன்.