டிவியை அணைத்தது அவள் இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை போகமாட்டேன் என்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும், பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ பதறிப்போய் நாலு பேருக்குப் போன் போடுவாய். எதிர்வீட்டுப் பெண் விமானத்தில் பணிப்பெண்ணாக இருக்கிறாளே, நாளைக்குச் சனிக்கிழமை அவளுக்கு உங்கள் ஊர் விமானம். ஞாயிறு காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் பாட்டி என்று சொல்லியிருக்கிறாள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை டிவி கேமராவில் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் இன்னும் சவரம் செய்யவில்லை, கண்டக்டர் எங்கே என்று கேட்டாய். தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவளுக்குத் தங்கையே கிடையாது. அதற்கு முந்தின புதன்கிழமை நான்தான் அவளை வீட்டை விட்டு அனுப்பினேன், அதுவும் நல்லபடியாக அனுப்பவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள் கண்டக்டர் என்ற பேரைத் தானே வைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் பக்கவாதத்தில் விழுந்து வாய் கோணிப் படுத்திருந்தபோது, முதல் நாளே வந்து நீங்க டிரைவர், நான் கண்டக்டர், நான் சொன்னாத்தான் வண்டி கிளம்பணும் என்றாள், இவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் கையால்தான் சாப்பாடு, அவள் புரட்டினால்தான் புரளுவார். பெற்ற பெண் நீ கேட்டால் வருத்தப்படுவாய், கட்டின பெண்டாட்டி எனக்கே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

எல்லாம் அந்த டிவியால் வந்தது. நீ வாங்கி அனுப்பின நாளில் இந்த மாடி முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவு பெரிசு. அப்பா கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் மாட்டி, மேலே கேமராவும் வைத்து, தினமும் பதினோரு மணிக்குப் பேச்சுப் பயிற்சி டீச்சர் அதில் வந்து உட்கார்ந்து, வாயைத் திறங்க, நாக்கை மேலே கொண்டுபோங்க என்று சொல்லிச் சொல்லி, நாலு மாசத்தில் பதினோரு வார்த்தை வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம்தான் டிவி தானாக அணைய ஆரம்பித்தது. டீச்சர் சொல்லிக்கொடுப்பார், இவர் கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் சிவக்கத் தம் கட்டுவார், பாதி வார்த்தை வரும்போது டப்பென்று கறுப்பாகிவிடும். திரும்பப் போட்டு, டீச்சரைத் திரும்பக் கூப்பிட்டு, இவரைச் சமாதானப்படுத்துவதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். ஒருநாள் மூன்று தடவை. அப்புறம் இவருக்கு வாயைத் திறக்கவே பயம் வந்துவிட்டது, திறந்தால் அணைந்துவிடும் என்று.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினேன், எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் புதுசாக மாற்றினேன், இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன். என் பேத்தி போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆங்கிலம் தெரியாத நான் அவள் சொன்ன எழுத்துகளை மட்டும் தேடிப் பிடித்து, தூங்குகிற நேரம் என்று ஏதோ டைமர் இருக்கிறதாமே அதை எடுத்தேன், கரண்ட் மிச்சம் பிடிக்கிறதையும் எடுத்தேன், அப்டேட்டும் போட்டேன். எட்டு வயசுக் குழந்தை அங்கே இருந்துகொண்டு இங்கே டிவி பழுது பார்க்கிறாள் என்று வாசலில் போகிற தபால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன், என் பெருமையை யார் கேட்பது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதுசு மாதிரி ஆக்கி, நீ வைத்த அந்தப் பாஸ்வேர்டை அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் போட்டேன், அரைமணி நேரம். அடுத்த தடவை வைக்கும்போது பெற்றவளுக்கு ஐந்தாம் வகுப்புதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வை. அவ்வளவு செய்தும் மறுநாள் பதினொன்றேகாலுக்கு அணைந்துவிட்டது.

மெக்கானிக் இரண்டு தடவை வந்தார். அவர் இருந்த நேரமெல்லாம் டிவி கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போதும் அப்படித்தான், நீகூட நல்லாத்தானேம்மா ஓடுது என்றாய். இரண்டாம் தடவை வந்தபோது மெக்கானிக் போகிற போக்கில் ஒன்று சொன்னார். டிவியில ஒரு கோளாறும் இல்லை பாட்டி, வீட்ல யார் போன்லயாவது ரிமோட் இருக்கா, போன்லேர்ந்தும் அணைக்கலாம் என்றார். இருந்தது. கண்டக்டர் போனில் இருந்தது, வகுப்பை ஆரம்பித்து வைக்க மாப்பிள்ளைதான் போடச் சொன்னார். என் புத்தி அங்கே போய் ஒட்டிக்கொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, அன்றைக்கு டிவி அணைவதில்லை. அவள் இருக்கிற நாளில்தான் அணைகிறது. வகுப்பு சீக்கிரம் முடிந்தால் அவளுக்கு வேலை மிச்சம். கணக்குச் சரியாக வந்துவிட்டது, எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் புதன்கிழமை இவருக்குத் தண்ணி என்ற வார்த்தை பாதி வந்திருந்தது. அவள் ஒரு கையால் இவர் தாடையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்திருந்தாள். டிவி அணைந்தது. நான் போனைப் பிடுங்கினேன். அப்புறம் என்ன பேசினேன் என்று முழுக்க எழுத முடியாது, எழுதினால் பேப்பர் கூசும். வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஆள் பார்க்க வந்தியா, டிவி அணைக்க வந்தியா, நோயாளி வாயை அடைச்சுச் சம்பளம் வாங்குறியே, பொய்க்காரி என்று இந்த மாடி முழுக்கக் கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டம்மா, தையல்காரர், அவர் வீட்டுக்கு வந்திருந்த ரெண்டு பேர், கீழேயிருந்து வாட்ச்மேன், எல்லோரும் நின்றார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் அணைக்கலம்மா. போனைத் திறந்து பாருங்க, கடைசியா எப்ப தொட்டேன்னு அதுலயே இருக்கும்." நான் பார்க்கவில்லை, போனை அவள் கையிலேயே திணித்தேன். பார்க்கத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல மனசு வரவில்லை. அதோடு நிற்காமல் ஆள் அனுப்புகிற ஆபீசுக்கும் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு நான் ஒருத்தியாகவே டிவியைப் போட்டேன். மூன்று தடவை அணைந்தது. அவளும் இல்லை, அவள் போனும் இல்லை. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கல்யாணக் கதை சொன்னேன் பார், அதுதான் நான்.

திங்கட்கிழமைதான் தெரிந்தது. ரிமோட்டில் சாப்பாட்டுக் கையால் பிசுக்கு ஏறுகிறதே என்று, டிவி அணைய ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் துணியில் நானே ஒரு உறை தைத்துப் போட்டிருந்தேன். கொஞ்சம்கூடத் தொளதொள இல்லாமல் தோல் மாதிரி பிடிக்கும், என் தையல் அப்படி. அதில் ஒரு கயிறு வைத்து இவர் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில் கம்பியில் டிவியைப் பார்த்துத் தொங்கவிட்டிருந்தேன். இவர் தம் கட்டிக் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கயிறும் சேர்ந்து கைக்குள் போய், உறை இழுபட்டு, மேலே இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கியிருக்கிறது. சரி, மெக்கானிக் வந்தபோது ஏன் அணையவில்லை என்று கேள். உறையில் சாப்பாட்டுக் கறை இருந்தது. வெளி ஆள் வருகிறாரே, பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவர் வரும் முன் கழற்றி அலமாரியில் ஒளித்து வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை நீ டிவியில் பார்ப்பாயே, உன் கண்ணில் படக்கூடாது என்று அன்றைக்கும் கழற்றிவிடுவேன். திங்கட்கிழமை அதைத் திரும்ப மாட்டும்போது கை வழுக்கிக் கயிறு இழுபட்டது, டிவி அணைந்தது. கழற்றினேன், போட்டேன், மாட்டி இழுத்தேன், அணைந்தது. நாலு தடவை செய்து பார்த்தேன். கத்தரிக்கோலை எடுத்து உறையைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம்.

அப்பா கட்டிலில் இருந்து நான் செய்த அத்தனையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், அந்தப் பொண்ணு இல்லைங்க, நான்தான் என்று. அவள் போன நாளிலிருந்து ஒரு வார்த்தைகூட வாயில் வராத மனுஷன், வாசலில் கிடந்த என் செருப்பை இடது கையால் காட்டி, "போ" என்றார். எச்சில் ஒழுக ஒழுக இன்னொரு தடவையும் சொன்னார். அது காலண்டரில் இல்லாத வார்த்தை. எழுதவில்லை, எழுத எனக்குத் தகுதி இல்லை.

செவ்வாய்க்கிழமை தையல்காரர் வீட்டம்மாவை இவருக்குத் துணை வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். அவள் இருப்பது இஸ்திரிக் கடைக்கு மேலே ஒரே அறை. கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினாள். நான் எல்லாம் சொன்னேன், ரிமோட் உறையைச் சொன்னேன், மன்னிச்சுக்கோ பொண்ணு என்றும் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "ஐயா சாப்பிடறாரா?" என்று முதலில் கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் சொன்னாள், "இங்க வந்து என் காதுல சொல்றீங்கம்மா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. அவங்க காதுல எது விழுந்துச்சோ அதுதானே நிக்கும்." அவ்வளவுதான். புகாரால் ஆபீசில் அவள் பேரில் சிவப்பு மை போட்டுவிட்டார்களாம், வருகிற புதன்கிழமை வெளியூரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறார்களாம், அங்கே போய்விட்டால் திரும்ப வரமுடியாது.

கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபீசில் இருந்து வேறொரு ஆள் வந்தான், நல்ல பையன்தான், இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பூனை உள்ளே விடவில்லை. என் கையால் நாலு வாய், அதோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்னால் தனியாகப் புரட்ட முடியவில்லை, இடுப்புக்கு மேலே கையகலத்துக்குத் தோல் சிவந்து கிடக்கிறது, நேற்று ஒரு ஓரத்தில் ஈரம் கண்டது. டாக்டர் இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் புண்ணாகி ஆஸ்பத்திரியில்தான் சேர்க்கவேண்டும் என்கிறார். டீச்சர் வந்த வார்த்தைகூடத் தங்காது என்கிறார். டிவி இப்போது ஒரு தடவைகூட அணைவதில்லை, ஆனால் அதன் முன்னால் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரும்படி அன்றைக்கு நின்ற அத்தனை பேரிடமும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன், அந்த நாளில்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். தையல்காரர், விடுங்கம்மா, வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம் என்றார். எதிர்வீட்டம்மா பார்த்த பார்வையே போதும். கண்டக்டருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வராவிட்டாலும் நான் வாசலில் நின்று சொல்லத்தான் போகிறேன். இத்தனை வருஷம் இந்த மாடியில் தலை நிமிர்ந்து நடந்தவள், எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. பொய்க்காரி என்று கூப்பிட்டேனே, அந்த வார்த்தையை எடுத்து என் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டால்தான் தீரும் போலிருக்கிறது.

உன்னால் ஆகவேண்டியது ஒன்று. ஆபீசில் நீதான் உன் பேரில் பதிவு செய்தாய், புகாரை வாங்க மட்டும் என் போன் போதுமாம், திரும்பப் பெற உன் மெயில்தான் வேண்டுமாம். இதைப் படித்ததும் காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து அனுப்பிவிடு. தப்பு எங்கள் வீட்டில், அந்தப் பெண்ணிடம் இல்லை என்று தெளிவாகப் போடு. மாப்பிள்ளையிடம் சொல்லலாம், பேத்தியிடம் சொல்லவேண்டாம், அவள் பெரியவளானதும் நானே சொல்லிக்கொள்கிறேன், இருந்தால்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, வகுப்பு நேரத்தில், நீயும் டிவியில் வா. அப்பா பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். அவள் இருந்தால் உனக்கே எல்லாம் புரிந்துவிடும். நான் மட்டும் இருந்தால் அப்பா முன்னால் ஒன்றும் கேட்காதே, பேத்தியின் பள்ளிக்கூடக் கதை ஏதாவது பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, அவசரத்தில் யாரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே, சொல்வதற்கு முன் உன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே எழுதுகிறேன், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், தலையை ஆட்டினார்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன உன் அம்மா